எனக்கும் அதே ஜெபக்குறிப்பு

ஆயரே, அவளைச் சபையை விட்டுத் துரத்தியவர் நீங்கள்தான். பிசாசு இல்லை. உலக ஆசை இல்லை. அவள் வீட்டு மனிதர்கள் இல்லை. நீங்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால்கூட நாலு பேர் ஓடிவந்து தடுத்திருப்போம். நீங்கள் பிரசங்க மேடையில் நின்று, மைக்கைச் சரிசெய்துகொண்டு, அவள் பேரைச் சொல்லாமல், ஆனால் அவள்தான் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பேசித் துரத்தினீர்கள். பேசி முடித்துக் கையைத் தூக்கி ஆசீர்வாதமும் சொன்னீர்கள்.

இதை உங்கள் முகத்துக்கு நேராகவும் சொல்லிவிட்டேன். குரலைத் தாழ்த்துங்கள் என்றீர்கள். எழுத்தில் குரலைத் தாழ்த்தச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். ஊர் பேர் போடவில்லை, சபை பேர் போடவில்லை, என் பேரும் இல்லை. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் சபைகளுக்கும் பஞ்சமில்லை, ஆயர்களுக்கும் பஞ்சமில்லை. யாரைச் சொல்கிறேன் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அது போதும்.

நான் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து தலை நரைத்தவள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. காலையில் எங்கள் ஊர் முனைக்குக் கம்பெனி பஸ் வரும். பஸ் நிறையப் பெண்கள். கடைசி இரண்டு வரிசை எங்களுடையது. யாரும் எழுதி வைக்கவில்லை, அப்படியே ஆகிவிட்டது. பஸ் கிளம்பினதும் நாங்கள் ஒரு பாட்டுப் பாடுவோம், ஒருத்தி வேதத்தில் கொஞ்சம் வாசிப்பாள், இன்னொருத்தி ஜெபிப்பாள். பாலாற்றுப் பாலம் வருவதற்குள் ஆமென் சொல்லிவிட வேண்டும். பாலத்தில் ஏறினதும் டிரைவர் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார். அது அவருக்கும் எங்களுக்கும் உள்ள ஒப்பந்தம். அவர் சாமி கும்பிடுகிறவர், விபூதி வைக்காமல் வண்டியை எடுக்க மாட்டார். நாங்கள் முடிக்கும்வரை காத்திருப்பார், ஒரு வார்த்தை கூடினால் ஹாரன் அடிப்பார்.

எனக்குப் பக்கத்து சீட்டுக்காரி ஒரு முஸ்லிம் பெண், பேக்கிங்கில் வேலை. எங்கள் பாட்டுக்கு நடுவில் கண்ணை மூடித் தூங்குவாள். முடிந்ததும் விழித்துக்கொள்வாள்.

"இன்னா, இன்னிக்கு சத்தம் ஜாஸ்தி? உங்க ஆண்டவருக்குக் காது நல்லாத்தானே கேக்குது?"

"அவருக்குக் கேக்குது. உன் கொறட்டையத் தாண்டிப் போவணுமே, அதுக்குத்தான்."

இப்படித்தான் எங்கள் காலை.

அவள் இந்தப் பஸ்ஸில்தான் வந்து சேர்ந்தாள். அவள் என்று நான் சொல்வது நீங்கள் துரத்தினவளை. குடியாத்தம் பக்கம் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்து, கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தவள். முப்பதைத் தாண்டியிருப்பாள். முன்னால் இடம் இல்லாததால் எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நாள் கழித்து என்னைக் கேட்டாள்.

"இன்னாக்கா, சாமிகிட்ட பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பேசுற மாதிரிப் பேசுறீங்க?"

"வேற எப்படிப் பேசுறது?"

"நானும் பேசலாமா?"

"யாரு வேணாம்னா?"

அதுதான் எங்கள் ஊழியம். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அவள் பேச ஆரம்பித்தாள். பேசிப் பேசி, ஒரு வருஷம் கழித்து, தானாகவே உங்களிடம் வந்து ஞானஸ்நானம் கேட்டாள். புருஷன் ஒன்றும் சொல்லவில்லை. கூடப் பிறந்த அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணன் மகள் மஞ்சள் நீராட்டுக்கு அவளுக்கு மட்டும் பத்திரிகை வரவில்லை. அன்றைக்கு அவள் பஸ்ஸில் ஜெபித்தாள், "ஆண்டவரே, அந்தப் புள்ள நல்லாருக்கணும்" என்று. நான் ஆமென் சொன்னேன்.

இப்போது என்னுடைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் நான் ஏன் எழுந்து நின்றேன் என்று புரியாது.

எனக்கு வறட்சி வந்தது ஒரு காரணமும் இல்லாமல். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குக் காரணம் வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது சாவு இல்லை, சண்டை இல்லை. மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. ஒளித்துச் செய்த பாவம் என்று ஒன்றும் இல்லை. செய்ய நேரமும் இல்லை. ஆனால் ஜெபம் போய்விட்டது. கரண்ட் போன மிஷினில் பெடலை மிதித்தால் கால் மட்டும் ஆடும், ஊசி இறங்காது. அப்படி வாய் மட்டும் ஆடியது. சின்ன வயசிலிருந்து மிஷினில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தவள் நான். திடீரென்று அந்தப் பக்கம் ஆளே இல்லாத மாதிரி ஆனது. பாடினேன், வாசித்தேன், ஞாயிறு தவறாமல் வந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். லாரி பட்டறையில் வேலை செய்கிற மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாது.

"வரலன்னா விடேன். யாரு அட்டெண்டன்ஸ் எடுக்குறா?"

"நான் எடுக்குறேன்" என்றேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கண்டுபிடித்துவிட்டாள்.

"மூஞ்சி ஏன் இப்படி கீது?"

"ஜெபம் வரலடி. வாய் பேசுது, உள்ள ஒண்ணும் இல்ல."

"இதுக்கா பேஜாராயிட்ட? எங்களுக்கு மனசு வந்தாலும் தொழணும், வரலன்னாலும் தொழணும். மனசு வந்தா அது போனஸு."

"போனஸே வரலன்னா?"

"போன வருஷம் கம்பெனில கம்மியாக் குடுத்தான். நீ வேலைய விட்டுட்டுப் போய்ட்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் மார்க்கம் வேறு, என் மார்க்கம் வேறு. அவள் சொன்னதை அப்படியே நான் எடுத்துக்கொள்ள முடியாது. எனக்கு ஆண்டவர் ஒரு வேலை இல்லை, ஒரு ஆள். ஆள் பேசாமல் இருந்தால் வலிக்கும். ஆனால் ஒன்று சரியாகச் சொன்னாள். விட்டுவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. புருஷன் ஒரு வாரம் பேசவில்லை என்று யாரும் வீட்டை விட்டுப் போவதில்லை. சோறு வடித்து முன்னால் வைத்துவிட்டு, "பேசுறியா இல்லியா, எனக்கு வேலை கீது" என்று கேட்கிறோம். அதையே ஆண்டவரிடமும் செய்தேன்.

தினமும் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, உம்மிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் வந்திருக்கிறேன். வரவில்லை என்று பிறகு சொல்லாதேயும்" என்றேன். சில நாள் அதுவே முழு ஜெபம். சில நாள் திட்டினேன். திட்டுவதும் பேச்சுத்தான், வேதத்தில் இருக்கிற பக்தர்கள் திட்டாததையா நான் திட்டிவிட்டேன்? அதுவும் வராத நாளில் மற்றவள் ஜெபத்தில் என் ஆமெனைப் போட்டேன். நம் வீட்டில் இல்லாதபோது பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பதில்லையா, அந்த மாதிரி. உணர்ச்சியைத் தேடிக் கூட்டம் கூட்டமாக அலைவதை நிறுத்தினேன். மேடையில் இருக்கிறவர் அழச் சொன்னால் அழுவதை அடியோடு நிறுத்தினேன். கண்ணீர் வந்தால் வரட்டும், பிழிய மாட்டேன்.

அதெல்லாம் பலித்ததா என்று கேட்டால், பழையபடி ஆகவில்லை. எப்போதாவது, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடும். அவ்வளவுதான். அது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். போதவில்லை. ஆனால் அதற்காக நான் எழுந்து போகப் போவதில்லை. எனக்கு வறட்சியைப் பார்த்துப் பயம் இல்லை. வறட்சியை மூடி மறைத்துக்கொண்டு, நனைந்த மாதிரி நடிக்கிற பழக்கம் வந்துவிடுமோ என்றுதான் பயம். அது வந்தால்தான் வேர் போகும்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

உபவாச ஜெபத்தின் முடிவில் நீங்கள் ஜெபக்குறிப்பு கேட்பீர்கள். ஒவ்வொருவராக எழுந்து சொல்வோம். முட்டி வலி. மகனுக்குத் துபாய் விசா. போர் போட்டால் தண்ணீர் வர வேண்டும். பேத்திக்கு இரண்டு அரியர் இருக்கிறது, இந்தத் தடவையாவது போக வேண்டும். மருமகன் குடியை விட வேண்டும். எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எல்லாவற்றுக்கும் ஜெபிப்போம். ஒன்றை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லித்தரவில்லை, பிறந்ததிலிருந்தே எங்களுக்குத் தெரியும். அவள் சபைக்குள் பிறந்தவள் இல்லை. அவளுக்குத் தெரியவில்லை. எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முட்டி வலியைச் சொல்கிற குரலிலேயே சொன்னாள்.

"எனக்கு ரொம்ப நாளா ஜெபம் வர மாட்டேங்குது. பேசுனா செவுத்துகிட்ட பேசுற மாதிரி கீது. அதுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நீங்கள் உங்கள் வேதப்புத்தகத்தின் அடையாளக் கயிற்றை எடுத்து வேறு பக்கத்தில் வைத்தீர்கள். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள், நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்கிற பார்வை.

நான் எழுந்தேன். "எனக்கும் அதே ஜெபக்குறிப்புதான்" என்றேன்.

பின்னால், தூணோரம் நாற்காலி போட்டு உட்காருகிற வயசான அம்மா, எழுந்திருக்க முடியாதவர், உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார். "எனக்கும் அதான்யா. ரொம்ப நாளா கீது. கேக்குறதுக்கு வெக்கமா இருந்துச்சு."

இரண்டு பேர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. பாடகர் குழுவில் இருக்கிற ஒரு பெண் எழப்போனாள், பாதி எழுந்துவிட்டாள். ஆயரே, அந்த நேரத்தில் நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் போதும். பாதிச் சபை எழுந்து நின்றிருக்கும். நீங்கள் கையைத் தட்டிப் பாட்டை ஆரம்பித்துவிட்டீர்கள். சந்தோஷப் பாட்டு. எழப்போனவள் உட்கார்ந்து தாளம் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிரசங்கம் வறட்சியைப் பற்றி. ஜெபம் வராததற்கு மூன்று காரணம் சொன்னீர்கள். மறைத்து வைத்த பாவம். உலகத்தின் மேல் ஆசை. அவிசுவாசிகளோடு ஒட்டு உறவு. மூன்றாவதைச் சொல்லும்போது பெண்கள் பக்கம் திரும்பினீர்கள். "புதுசா வந்தவங்க வேர் இல்லாம இருந்தா காய்ஞ்சுதான் போவாங்க" என்றீர்கள். வழக்கம்போல தோல் பதனிடுகிற உவமையையும் இழுத்தீர்கள். எங்கள் பக்கம் பிரசங்கிக்க வருகிறவர்கள் யாரும் அதை விடுவதில்லை. எண்ணெய் ஏறாத தோல் வெடித்துப்போகும், அபிஷேக எண்ணெய் இல்லாத ஆத்துமாவும் அப்படித்தான் என்றீர்கள். பாதிப் பேர் தோல் கம்பெனிக்காரர்கள், தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. எந்தக் கம்பெனியிலும் காய்ந்த தோலைப் பார்த்து "நீ என்ன பாவம் செய்தாய்" என்று கேட்டு வெளியே எறிவதில்லை. எண்ணெய் போடுவது தோலின் வேலை இல்லை.

அவள் ஆசீர்வாதம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தவளுக்கு நான் கைகூப்பித் தோத்திரம் சொன்னேன். அவளும் சொன்னாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அவ்வளவுதான். மறுநாள் பஸ்ஸில் ஏறினாள், எங்களைப் பார்த்தாள், முன்னாலேயே டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. நாங்கள் பின்னால் பாடும்போது அவள் தலை முன்னால் தெரியும். திரும்பாது.

பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள், "உங்க ஆளு ஏன் அங்க போய்ட்டா? சண்டையா?"

"எங்க ஆயரு தொரத்திட்டாரு."

"ஏன், இன்னா பண்ணா?"

"உண்மையச் சொன்னா."

"அட பாவமே" என்றாள். அன்றைக்கு அவள் தூங்கவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியைச் சொல்ல வேண்டும், ஆயரே.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் மனைவிக்கு ஆபரேஷன். ஆயரம்மா எனக்குப் பிரியமானவர், நான் லீவு போட்டுவிட்டு டிபன் கேரியரில் ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நீங்கள் வராண்டா பெஞ்சில் தனியாக இருந்தீர்கள். எப்போதும் என்னைச் "சகோதரி" என்பீர்கள், அன்றைக்கு "அக்கா" என்றீர்கள்.

"அக்கா, ஜெபம் வரல. வாயத் தொறந்தா வெறும் சத்தமா வருது. நீங்க பண்ணுங்க."

நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆண்டவரே, இவருக்கு இன்னிக்கு வார்த்தை இல்ல. நீர் அதுக்குக் கோவிச்சுக்க மாட்டீர்னு எனக்குத் தெரியும். என் வார்த்தைய இவரோடதுன்னு எடுத்துக்கும். அந்த அம்மாவக் காப்பாத்தும்" என்றேன். நீங்கள் ஆமென் சொன்னீர்கள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஆயரே, உங்கள் ஊழியத்தில் நான் கேட்ட நல்ல ஆமென் அதுதான். எனக்கும் அப்போது உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டு வெறும் வாய்கள் சேர்ந்து ஒரு ஜெபம் செய்தோம். ஆயரம்மா பிழைத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் சபையில் சாட்சி சொன்னீர்கள். அந்த வராண்டாவில் தேவனோடு போராடினதாகவும், வார்த்தை ஆறு மாதிரி வந்ததாகவும், ஜெயம் கிடைக்கும்வரை விடவில்லை என்றும் சொன்னீர்கள். சபை அல்லேலூயா சொன்னது. நான் கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டேன். பயந்த மனிதர், பிழைத்துப்போகட்டும் என்று நினைத்தேன். உங்கள் சாட்சியால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன். அவளைத் துரத்தின ஞாயிறுதான் கெடுதல் எங்கே என்று தெரிந்தது. உங்களுக்கு ஆறு மாதிரி வருகிறது என்று நம்பினவள் அவள். அவளுக்கு வரவில்லை என்றால் குற்றம் யாரிடம்? அவளிடம்தானே.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்களை சர்ச் வராண்டாவில் பிடித்தேன்.

"ஐயா, அவ வரல."

"கவனிச்சேன், சகோதரி. ஜெபிக்கலாம்."

"ஜெபிக்கிறது இருக்கட்டும். ஆஸ்பத்திரில நீங்க என்கிட்ட சொன்னத சபை முன்னால சொல்லுங்க."

நீங்கள் சுற்றிலும் பார்த்தீர்கள். "கொஞ்சம் மெதுவா."

"சொல்றீங்களா?"

"அது வேற, சகோதரி. அது சோதனை நேரம்."

"அவளுக்கு சோதனை நேரம் வரக் கூடாதா? உங்களுக்கு வந்தா சோதனை, அவளுக்கு வந்தா பாவமா?"

"ஊழியக்காரன் தன் பலவீனத்த மேடைல சொன்னா மந்தை சிதறிடும்."

"சொல்லாததுனாலதான் ஒண்ணு சிதறிடுச்சே, ஐயா."

நீங்கள் கண்ணை மூடி, "அன்புள்ள பிதாவே" என்று ஆரம்பித்தீர்கள். என் வாயை அடைக்க ஜெபத்தை எடுத்தீர்கள். "இப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு நான் வந்துவிட்டேன். ஆயர் ஜெபிக்கும்போது பாதியில் நடந்தவள் என்று பேர் வாங்கியிருக்கிறேன். வாங்கிக்கொள்கிறேன்.

மறுநாள் நான் பின்னால் போகவில்லை. பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்ஜின் சூடு காலில் அடித்தது. பின்னால் என் ஆட்கள் பாட ஆரம்பித்தார்கள், நான் இல்லாததால் சுருதி எங்கோ போனது. அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"போங்கக்கா, கெடுக்குறாங்க."

"கெடட்டும். நீ எப்ப வர்ற?"

"வரல."

"அவரு பேசுனதுக்காகவா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அவருக்காக இல்லக்கா. சாமியே என்னை வேணாம்னு சொல்லிட்டாரு போல. நான் கூப்பிட்டேன், பதில் இல்ல. சரி, தெரிஞ்சவரு ஏதாவது சொல்வாருன்னு அங்க கேட்டேன். அவரும் அதையே சொல்லிட்டாரு. அண்ணன் வூட்டுக்கும் போவ முடியாது, இங்கயும் இல்ல. நான் எங்க போறது?"

"எனக்கும் வரலன்னு சொன்னேனே. அந்தம்மாவும் சொன்னாங்களே."

"நீங்க பரம்பரை பரம்பரையா இருக்குறவங்க. உங்களுக்கு வரலன்னா ஒண்ணும் ஆவாது, வூட்டு ஆளு. நான் வந்தவ. வந்தவளுக்கு வரலன்னா, போன்னு அர்த்தம்."

நூறு கூட்டத்தில் கேட்ட எந்த வார்த்தையும் இப்படி என்னைத் தொட்டதில்லை. இல்லடி, அப்படி இல்ல என்றேன். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை. பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, ஆயருக்கு இப்படி வந்திருக்குமா? ஜெபம் வராம?"

ஆயரே, நான் என்ன சொல்ல வேண்டும்? தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும் என்று சொன்னால், நம்பிக் கையை நீட்டின ஒருவரை நடு பஸ்ஸில் காட்டிக்கொடுத்த மாதிரி. அவள் சொன்னதை நீங்கள் மேடையில் வைத்துத் தாளித்த மாதிரி உங்களுடையதை நான் அவள் காதில் போட மாட்டேன்.

"அவரையே கேக்குறேன்" என்றேன்.

"அவரு சொல்வாரா?"

"சொல்ல வைக்கிறேன்."

பாலம் வந்தது. டிரைவர் பாட்டைப் போடக் கையை நீட்டினார், எங்கள் இருவரையும் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார்.

"குருத்தோலை ஞாயித்துக்கு வர்றேன்" என்றாள் அவள். "கடைசி பெஞ்சுல ஒக்கார்றேன். அவரு வாயால சொன்னா இருக்கேன். சொல்லலன்னா நான் போய்ட்டேன்னு வச்சுக்கோங்க. அப்புறம் பஸ்ல வந்து பக்கத்துல ஒக்காராதீங்க. எனக்குக் கஷ்டமா இருக்கும்."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. அண்ணன் வாசலையே விட்டு வந்தவள், இந்த வாசலையும் விட்டுப் போவாள். போனால் திரும்ப மாட்டாள்.

அவளுக்கு நான் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை. முழங்கால் போடு, திட்டு, அடுத்தவள் ஜெபத்தில் உன் ஆமெனைப் போடு, நடிக்காதே. இதையெல்லாம் நான் சொல்லலாம், சொன்னேன். ஆனால் எவ்வளவு சொன்னாலும் அது ஒரு தையல்காரி சொல்வது. கதவை மூடினவர்தான் கதவைத் திறக்க வேண்டும். "வறண்டவர்களுக்கு இங்கே இடம் உண்டு, நானும் அவர்களில் ஒருவன்" என்று அங்கி போட்டுக்கொண்டு நிற்கிற ஒருவர் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மந்தை சிதறாது. தூணோரத்து அம்மா கையைத் தூக்குவார். பாடகர் குழுப் பெண் இந்தத் தடவை முழுசாக எழுந்து நிற்பாள். நீங்கள்கூட, எனக்குத் தெரியும், அன்றைக்கு ராத்திரி நிம்மதியாக ஜெபிப்பீர்கள், அல்லது ஜெபம் வராமல் நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாதீர்கள். வராண்டாவில் வேண்டாம், உங்கள் வீட்டு முன்னறையில் டீ கொடுத்து வேண்டாம், போனில் வேண்டாம். அவளிடம் ஆளனுப்பிச் சமாதானம் சொல்லவும் வேண்டாம். எங்கே நின்று துரத்தினீர்களோ அங்கே நின்று பதில் சொல்லுங்கள். குருத்தோலை ஞாயிறு, ஓலையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, பிரசங்கத்தின் முதல் வாக்கியமாக. அவள் கடைசி பெஞ்சில் இருப்பாள். நான் அவள் பக்கத்தில் இருப்பேன். "இல்லை, எனக்கு எப்போதும் வார்த்தை வந்தது" என்று சொல்வதானால் என்னைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.

ஆயரே, உங்களுக்கு ஜெபம் வராத நாள் இருந்ததா, இல்லையா? மைக்கில் சொல்லுங்கள்.